ஒன்பது பேருக்கு ஓர் உறைக்கிணறு

சனிக்கிழமை காலை 6 மணிக்கு மொட்டை மாடித் தொட்டியின் வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடித்தேன். 33 வினாடியில் நிரம்பியது. அந்த வாரம் திங்கட்கிழமை இரவு அதே வாளி நிரம்ப 1 நிமிடம் 50 வினாடி ஆகியிருந்தது. இடையில் இருந்த நாட்களில், வீட்டில் ஆறு விருந்தினரை வைத்துக்கொண்டு, பாதி நேரம் கடற்கரையிலும் மீதி நேரம் கிணற்றடியிலுமாக நான் செய்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். கடலோரத்தில் உறைக்கிணற்றையும் ஒரு சிறிய மோட்டாரையும் நம்பிக் குடும்பம் நடத்துகிற யாருக்காவது இது உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீடு தரங்கம்பாடிக்கும் பொறையாருக்கும் நடுவில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தோண்டினால் மணல்தான். கொல்லையில் 3 அடி விட்டத்தில் சிமென்ட் உறை இறக்கிய கிணறு. ஆழம் 19 அடி. கார்த்திகை மழைக்குப் பிறகு எட்டிப் பார்த்தால் 5 அடியிலேயே தண்ணீர் தெரியும். சித்திரை, வைகாசியில் 13 அடிக்கு இறங்கிவிடும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து வாய்க்காலில் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கத்துக் கிணறுகள் மெல்ல ஏறும். கிணற்றை ஒட்டிய திண்டில் அரைக்குதிரைத் திறனுள்ள மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) இருக்கிறது. தானாக நீரிழுக்கும் வகை அல்ல. காற்று புகுந்துவிட்டால் மேலிருக்கும் மூடியைத் திறந்து, புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டும். கிணற்றுக்குள் இறங்குவது 1 அங்குல பி.வி.சி. குழாய், அதன் அடியில், நீரை மேலே மட்டும் விட்டுக் கீழே இறங்க விடாத ஃபுட் வால்வு. மாடியில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. குடிக்கவும் சமைக்கவும் பேரூராட்சிக் குழாய்த் தண்ணீர், மற்ற அனைத்துக்கும் கிணறு.

நான், என் கணவர், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார் என்று மூவர் மட்டும் இருக்கும் நாட்களில் ஒரு முறை தொட்டி நிரம்பினால் இரண்டு நாள் ஓடும். மே மாத இரண்டாம் வாரத்தில் கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த தோழிகள் இருவர் குடும்பத்தோடு வந்தார்கள். ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து கணவரோடும், 11 வயது மகளோடும், 7 வயது மகனோடும் வந்தாள். மற்றவள் ஓசூரிலிருந்து தன் அம்மாவோடு வந்தாள். இருபது ஆண்டுகளாக "ஒரு தடவை வாங்கடி" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வாரம்தான் கைகூடியது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மயிலாடுதுறை நிலையத்தில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு காரில் வந்தோம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1986இல் நின்றுபோனது. அது இருந்திருந்தால் பிள்ளைகள் கடல் வரை ரயிலிலேயே வந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போனோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலரிப்பில் முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில் வரை கரையோரமாக நடந்தோம். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் அலையில் இருந்து எழவே இல்லை. வீடு திரும்பி ஒருவர் பின் ஒருவராகக் குளித்தபோதுதான் வேலை தொடங்கியது. நான்காவது ஆள் குளிக்கும்போது குளியலறையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. ஆறாவது ஆளுக்குத் தண்ணீரே இல்லை, தொட்டி காலி.

மோட்டாரைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மாடியேறிப் பார்த்தால் தொட்டியில் பாதிகூட ஏறவில்லை. மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைவது கோடையில் வழக்கம் என்பதால் அதுதான் காரணம் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். என் முதல் தவறு அந்த நினைப்புதான். இருந்தாலும் அன்று இரவே டார்ச்சோடு மாடிக்குப் போய், வாளியைப் பிடித்து நேரம் பார்த்ததை மட்டும் சரியாகச் செய்தேன் என்று சொல்லலாம். 110 வினாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 490 லிட்டர். இந்த மோட்டார் மாட்டிய நாளில் தொட்டி 40 நிமிடத்தில் நிரம்பியதாக அந்த ஆண்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். அது மணிக்கு 1500 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் வருகிறது. இது ஒரே நாளில் வந்த குறையாக இருக்க முடியாது. மூன்று பேர் மட்டும் இருந்தவரை மோட்டாரை முன்பைவிட அதிக நேரம் ஓட்டிச் சமாளித்திருக்கிறோம், யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை 5 மணிக்கு, மின்னழுத்தம் நன்றாக இருக்கும் நேரத்தில், மறுபடி அளந்தேன். 108 வினாடி. மின்னழுத்தத்தின் மீது போட்ட பழி அதோடு தீர்ந்தது.

அன்று முதல் வேலை குளியலறை அடைப்பு. தரையில் கழிவுநீர் வடியும் குழியான நஹானி ட்ராப்பின் சல்லடையைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, உள்ளே கவிழ்ந்திருக்கும் கிண்ணத்தை வெளியே எடுத்தேன். கிண்ணத்தைச் சுற்றி மணல் இறுகிப் போயிருந்தது. கையை விட்டால் விரல் மடங்காத இடம் அது. பாதி கொட்டாங்கச்சியைக் கல்லில் தேய்த்து நுனியை ஒடுக்கிக்கொண்டு, அதால் வழித்து எடுத்தேன். ஒரு சிறிய வாளியில் கால் பங்கு மணல் சேர்ந்தது. ஒரு நாள் கடலில் ஆடிய ஆறு பேரின் உடம்பிலும் துணி மடிப்புகளிலும் இவ்வளவு மணல் வந்திருக்கிறது. கிண்ணத்தைத் திரும்ப வைக்காமல் விட்டால் தண்ணீர் விரைவாகப் போகும் என்று தோன்றியது. ஆனால் அது இல்லாவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வந்துவிடும் என்பதால் கழுவி அதே இடத்தில் வைத்தேன்.

மணல் உள்ளே வராமல் தடுப்பதுதான் சரியான வழி என்று முடிவு செய்து, கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு குளிப்புக் குழாய் வைத்தோம். கோயம்புத்தூர் தோழியின் கணவர் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டார். வாழை மரங்களுக்குப் பக்கத்தில் 3 அடிக்கு 3 அடி இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டி, பழைய கருங்கல் சல்லியை முக்கால் அடி நிரப்பி, மேலே பழைய செங்கற்களை ஒரு விரல் இடைவெளி விட்டுப் பரப்பினோம். சிமென்ட் விளிம்புக்கு மட்டுமே பயன்பட்டது. மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு, முக்கால் அங்குலக் குழாயை 7 அடி உயரத்துக்கு நிறுத்தி, பிளாஸ்டிக் ஷவர் மாட்டினோம். குழாய் 10 அடி 210 ரூபாய், ஷவர் 90, பால் வால்வு 85, எல்போவும் (வளைவு இணைப்பு) டீயும் 70, சிமென்ட் 60; மொத்தம் 515 ரூபாய். சோப்பு அங்கே கூடாது, மணலையும் உப்பையும் மட்டும் கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். இந்த ஒரு வேலையில் எந்தத் தவறும் நேரவில்லை. ஆனால் குழாய் மாட்டி முடித்த பிறகு அதற்கு வர வேண்டிய தண்ணீர் கிணற்றிலேயே நின்றுகொண்டிருந்தது.

மோட்டாரில் என் இரண்டாம் தவறு செவ்வாய் மாலையில் நடந்தது. சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் இரண்டு, மூன்று வினாடி "ம்ம்ம்" என்று முனகிவிட்டுப் பிறகு சுழன்றதைக் கேட்டேன். முனகினால், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கண்டென்சர்தான் பழுது என்று எல்லோரும் சொல்வது நினைவுக்கு வந்தது. ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால் கண்டென்சரின் இரு முனைகளையும் இணைத்து மின்சாரத்தை இறக்கிய பிறகு கழற்றினேன். அடிப்பகுதி லேசாக உப்பியிருந்தது. அதே 12.5 மைக்ரோஃபாரட் அளவில் பொறையார் கடையில் 130 ரூபாய்க்குப் புதியது கிடைத்தது. மாட்டினேன், முனகல் போய், தொட்டவுடன் சுழன்றது. மகிழ்ச்சியோடு மாடிக்கு ஓடினேன். 109 வினாடி. கண்டென்சர் பழுதானது உண்மை; தண்ணீர் குறைந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காதில் விழும் குறையைச் சரிசெய்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத குறையும் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தேன்.

புதன்கிழமை பூம்புகார். போகும் வழியில் திருக்கடையூரில் இறங்கி அபிராமி சன்னதியில் கும்பிட்டோம். அன்றும் மணிவிழா தம்பதியர் பலர் மாலையும் கழுத்துமாக நின்றார்கள், ஓசூர் தோழியின் அம்மா ஒவ்வொரு தம்பதியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது ஆற்றில் ஓட்டம் இல்லை. மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் உப்பு நீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. "ஆறு எங்கே?" என்று சிறுவன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லும்போதே என் மனம் வீட்டுக் கிணற்றில்தான் இருந்தது. கிணற்றில் நீர் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் மோட்டார் அந்த அளவுக்கு அதிகமாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும், மழைக்காலத்தில் தெரியாத அது கோடையில் முழுக் குறையாக வெளிப்படும். இதை அங்கே நின்றுதான் யோசித்தேன். ஆனால் யோசித்ததைச் செய்யாமல் வேறொன்றைச் செய்தேன்.

வரும் வழியில் மீன் வாங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் பெரிய மீன் அதிகம் இல்லை. ஃபைபர் படகில் வந்த மத்தியும் நண்டும் கிடைத்தன. 3 கிலோ மத்தியை ஆய்ந்து கழுவ மோட்டாரைப் போட்டால், சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனது.

ஊற்றிய தண்ணீர் நிற்காவிட்டால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். பழக்கமான பிளம்பர் அண்ணன் ஒருவரை அழைத்தோம். 300 ரூபாய் கூலி. அவரும் என் கணவரும் கிணற்றுக்குள் இருந்த 17 அடிக் குழாயை மேலே இழுத்தார்கள். மோட்டாருக்கும் குழாய்க்கும் இடையில் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) இல்லாததால், எல்போ வரை கழற்ற முடியாமல், குழாயை வளைத்து வளைத்துத்தான் எடுக்க முடிந்தது. அது என் மூன்றாம் தவறு. அதன் விலை இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஃபுட் வால்வுக்குள் ஒரு சிப்பித் துண்டு, சுண்டு விரல் நகத்தில் பாதி அளவு, ரப்பர் வாசருக்கும் இருக்கைக்கும் நடுவில் குறுக்காகச் சிக்கியிருந்தது. ரப்பரும் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. புது பி.வி.சி. ஃபுட் வால்வு 140 ரூபாய். பித்தளையில் வாங்கலாமா என்று யோசித்தேன். எங்கள் கிணற்று நீரில் இருக்கும் உப்புக்கு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிளாஸ்டிக்கை மாற்றுவதே மலிவு என்று தோன்றியது. மாட்டி, நீர் ஊற்றி, மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வந்தது. 70 வினாடி. பாதி வெற்றி. இரவு 9 மணிக்கு மத்திக் குழம்பு தயாரானது. எல்லோரும் கொல்லையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை காலை மறுபடி சத்தம் மட்டும். மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று. புது வால்வு, ராத்திரி நன்றாக ஓடிய மோட்டார், காலையில் வற்றியிருக்கிறது. நான் புனலைத் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, நிதானமாக மூடிக்குள் ஊற்றிவிட்டு, "இப்ப போடும்மா, வரும்" என்றார். வந்தது. எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா காலையில ஒரு சொம்பு ஊத்திதானே போடுறேன். நீ எழுந்திருக்கிறதுக்குள்ள தொட்டி ரொப்பிடலாமுன்னு."

பங்குனி மாதத்திலிருந்தே குழாய் ஒவ்வொரு இரவும் வற்றியிருக்கிறது. அத்தைக்கு அது தெரியும். நான் மூன்று நாளாக மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தபோது, தினமும் அதை இயக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை இரவு கேட்டிருந்தால் கண்டென்சரைத் தொட்டிருக்கவே மாட்டேன். இரண்டு மாதமாக இரவில் நீர் இறங்குகிறது, பகலில் ஓட்டம் குறைகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குழாயில் எங்கோ காற்று புகுகிறது என்பதைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

அன்றைக்கே அத்தை இன்னொன்றையும் சொன்னார். ஒன்பது பேருக்குக் குழாய்த் தண்ணீர் போதாததால் கிணற்று நீரில் சமைத்திருந்தார்; துவரம் பருப்பு ஐந்து விசில் வைத்தும் மலரவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து அளந்தேன். பங்குனியில் 520 காட்டிய கிணறு அன்று 880 காட்டியது. கடலோர மணலில் மழை நீர் மேலே நிற்கும், உப்பு நீர் கீழே இருக்கும். அதிகம் இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வரும். எங்கள் ஃபுட் வால்வு கிணற்றின் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே மோட்டாரை மணிக்கணக்கில் ஓட விட்டதும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் என்று பிரித்தோம். சமையலுக்கு 20 லிட்டர் கேன் வாங்கினோம்.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் வியாழக்கிழமை முழுவதும் போனது. தண்ணீர் கசியும் ஓட்டையைக் கண்ணால் பார்க்கலாம். மோட்டார் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே ஒரு சொட்டும் விடாது, காற்றை உள்ளே இழுக்கும். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன், பிடிகொடுக்கவில்லை. மோட்டாரில் குழாய் நுழையும் மரையில் டெஃப்லான் டேப்பைப் பிரித்து, புதிதாகப் பத்துச் சுற்றுச் சுற்றி மாட்டினேன்; மாற்றம் இல்லை. ஊதுவத்தி வைத்துப் பார்க்கலாம் என்று ஓசூர் தோழிதான் சொன்னாள். அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காற்றுக் குழாய்களைப் புகை காட்டிச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறாள். உடனே செய்தோம். மாலைக் கடல் காற்றில் புகை எல்லாப் பக்கமும் ஓடியது, எதுவும் புரியவில்லை. விடியற்காலை வரை காத்திருக்க முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை 5.15 மணி. இலை அசையாத நேரம். இருந்தாலும் கிணற்றைச் சுற்றி இரண்டு பக்கமும் போர்வையைப் பிடித்துக்கொண்டு தோழிகள் நின்றார்கள். அத்தை மோட்டாரைப் போட்டார். ஊதுவத்தியை மோட்டார் வாயிலிருந்து தொடங்கி, அரை அங்குலம் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் பத்து வினாடி நிறுத்தி நகர்த்தினேன். மரையில் புகை நேராக மேலே போனது. எல்போவின் இரு முனைகளிலும் நேராக மேலே போனது. எல்போவுக்குக் கீழே, குழாய் ஆடாமல் இருக்க இரும்புக் கம்பியோடு சேர்த்துத் தேங்காய்க் கயிற்றால் கட்டியிருந்த இடத்துக்கு வந்ததும், புகை ஒரு கணம் நின்று, மெல்லிய நூலாக வளைந்து, கயிற்றின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே நுழைந்தது. கையை விலக்கினேன், மறுபடி கொண்டுபோனேன். மறுபடியும் நுழைந்தது. யாரும் பேசவில்லை.

அந்தக் கயிறு ஈரமாக இருந்ததை வியாழன் காலையிலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன். புதன் இரவு குழாயைக் கழுவியபோது நனைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையில், மோட்டார் நின்ற பிறகு மாடிக் குழாயில் நிற்கும் தண்ணீர் அந்த வெடிப்பின் வழியே கசிந்து, கயிற்றை நனைத்து, குழாயோடு ஒழுகிக் கிணற்றுக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அதனால்தான் தரையில் ஈரம் இல்லை, காலையில் மோட்டாருக்குள் தண்ணீரும் இல்லை. கயிற்றை அறுத்துப் பார்த்தால் வெடிப்பு உடனே தெரியவில்லை. குழாயை லேசாக வளைத்தபோதுதான், முடி இழை போல ஒன்றரை அங்குல நீளத்தில் வாய் திறந்தது. வெயில் நேராக விழும் பக்கம் அது. குழாய் அங்கே நிறம் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவு போல உதிர்ந்தது. வெடிப்பின் ஒரு முனையில் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது, மறுமுனை வெள்ளையாகப் புதிதாக இருந்தது. அந்தப் புது முனை புதன்கிழமை நாங்கள் வளைத்து இழுத்ததில் நீண்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பழுது நீக்கும் வேலை, கண்டுபிடித்ததைவிட எளிதாக இருந்தது. 1 அங்குலக் குழாய் 10 அடி 280 ரூபாய், எல்போ இரண்டு 40, எம்.டி.ஏ. (மரையுள்ள இணைப்பு) இரண்டு 36, யூனியன் 75, பசை 55, டெஃப்லான் டேப் இரண்டு 30; மொத்தம் 516. வெளுத்த பகுதி முழுவதையும் ஹாக்சாவால் அறுத்து எறிந்தோம். அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே ஒட்டிய பிசிறைக் கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்து, பசை தடவி, கால் சுற்றுத் திருப்பி, முப்பது வினாடி அழுத்திப் பிடித்தோம். மோட்டாருக்கு அருகில் யூனியனைப் போட்டதால் இனிமேல் குழாயை வளைக்காமல் நேராக மேலே எடுக்கலாம். மொத்த நீளத்தை ஒன்றரை அடி குறைத்தோம். ஃபுட் வால்வு இப்போது தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், சிப்பிக்கும் உப்புக்கும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நீர்மட்டம் 13 அடியில் இருக்கும்போது வால்வுக்கு மேல் மூன்றரை அடி தண்ணீர் இருக்கிறது. அதற்கு மேல் உயர்த்தத் துணியவில்லை.

பசை இறுகும் வரை மோட்டாரைத் தொடக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை முழுவதும் கையால் இறைத்தோம். பரணில் கிடந்த ராட்டினத்தை எடுத்து, அச்சுக்கு கிரீஸ் வைத்து, கிணற்றின் குறுக்குச் சட்டத்தில் மாட்டினார் என் கணவர். 11 வயதுப் பெண் கயிற்றை இழுத்து முதல் வாளியை மேலே கொண்டுவந்தபோது பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே சிந்தியது. அத்தை அவள் கையைப் பிடித்து, வாளி நீரில் விழும் கணத்தில் கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு சொடுக்குச் சொடுக்கக் கற்றுக்கொடுத்தார். வாளி சாய்ந்து, மொண்டு, நிமிர்ந்தது. அதன் பிறகு அவள் யாரையும் விடவில்லை. சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினாள். மாலைக்குள் 42 வாளி. அன்று போவதாக இருந்த காரைக்கால் கடற்கரைப் பயணத்தைப் பிள்ளைகளே வேண்டாம் என்று சொன்னார்கள். ஓசூர் தோழியின் அம்மா கிணற்றடியில் முக்காலி போட்டு அமர்ந்து, தன் பிறந்த ஊர்க் கிணற்றைப் பற்றி மாலை வரை பேசிக்கொண்டிருந்தார். நான் நினைத்துத் திட்டமிட்ட எந்தச் சுற்றுலாவையும்விட அந்த நாள் எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை அளந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். அன்று மாலை காரைக்கால் போய் வந்தோம். திரும்பியதும் ஆறு பேரும் வெளிக் குழாயில் மணலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். ட்ராப்பைத் திறந்து பார்த்தேன், ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மூடிக்குள் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அத்தை சொம்பைக் கொண்டுவந்து பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார். அன்று அனைவரும் ஊர் திரும்பினார்கள்.

மொத்தச் செலவு 1,601 ரூபாய். கேன் தண்ணீரைச் சேர்க்கவில்லை. அடுத்த முறை என்றால் முதலில் வாளிக் கணக்கு, அடுத்து மோட்டாரை இயக்குகிறவரிடம் விசாரிப்பது, பிறகு இரவில் நீர் நிற்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது, அதன் பிறகு ஊதுவத்தி. இந்த நான்குக்கும் 20 ரூபாய்கூட ஆகாது. குழாயைக் கயிற்றால் கட்டியிருக்கவே மாட்டேன். இப்போது பிளாஸ்டிக் கிளாம்ப் போட்டு, வெயில் படும் பகுதிக்கு வெள்ளை பெயின்ட் இரண்டு பூச்சு அடித்திருக்கிறேன். விருந்தினர் வருவதற்குப் பத்து நாள் முன்பே ஒரு முறை தொட்டியை நிரப்பி நேரம் பார்ப்பேன். வெளிக் குளிப்புக் குழாயின் சல்லிக் குழியை ஒரு அடிக்குப் பதில் ஒன்றரை அடி தோண்டியிருக்க வேண்டும்; ஆறு பேர் தொடர்ந்து கழுவினால் கடைசி ஆளின் காலடியில் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கிறது.

மோட்டாரின் அடித்தளப் போல்ட்டுகள் நான்கில் இரண்டு உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தலையே இல்லாமல் நிற்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை அறுத்தெடுத்து மாற்ற வேண்டும். கிணற்றுச் சுவரில் அந்தப் பெண் போட்ட 42 கரிக்கோடுகளுக்குக் கீழே, மாதம் ஒரு முறை வாளி நேரத்தை எழுதுகிறேன். ஜூன் 1: 33 வினாடி, டி.டி.எஸ். 640. ஜூலை 1: 32 வினாடி, டி.டி.எஸ். 590.